பழக்கத்துக்கு வராத பேரிங்

சத்தம் போடும் சைக்கிளை என்னால் சகித்துக்கொள்ள முடியாது. குழந்தை அழுதால்கூடப் பசியோ தூக்கமோ என்று கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பேன். ஆனால் என் கடை வாசலில் ஒரு வண்டி டக், டக் என்று கடந்து போனால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து, "ஏங்க, கொஞ்சம் நில்லுங்க" என்று கூப்பிட்டுவிடுவேன். அப்படிக் கூப்பிட்டதில் பாதிப் பேர் வாடிக்கையாளர் ஆனார்கள். மீதிப் பேர் வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தார்கள்.

கடை என்பது எங்கள் வீட்டின் முன் அறைதான். சோபா இருந்த இடத்தில் இப்போது வண்டியைத் தூக்கி மாட்டும் ஸ்டாண்டு நிற்கிறது. சோபாவை மாடிக்கு அனுப்பிய கோபம் என் மாமியாருக்கு இன்னும் ஆறவில்லை. யாராவது பார்க்க வந்தால், "வாங்க, அந்த டயர் மேல உட்காருங்க" என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். அத்தைக்கு என் மேல் பிரியம் உண்டு. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதில் கெட்டிக்காரி.

பெடலை மிதித்தால் சுற்றுகிறதே, அந்த அச்சு சைக்கிள் சட்டத்தின் அடியில் ஒரு சின்னக் குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும். குழாயின் இரண்டு பக்கமும் கிண்ணம் போல ஒவ்வொரு கப்பு. கப்புக்குள் கிரீஸில் புதைந்த எஃகுக் குண்டுகள், அதாவது பேரிங். இது மொத்தத்துக்கும் கடைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் பி.பி. செட். உள்ளே இருப்பது வெளியே தெரியாது என்பதால், ஜனங்கள் எந்தச் சத்தம் கேட்டாலும் அதன் தலையில் கட்டிவிடுவார்கள். சீட்டுக் கம்பி முனகினாலும் பி.பி., பெடல் காய்ந்துபோனாலும் பி.பி. நான் நம்ப மாட்டேன். செயினைக் கழற்றிவிட்டு, பெடல் தாங்கும் கிராங்கைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிப் பார்ப்பேன். ஆடினால் லூஸ். பிறகு குழாயின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாகச் சுற்றுவேன். சத்தம் சட்டம் முழுக்க ஓடும், காது ஏமாந்துவிடும். கை அவ்வளவு சீக்கிரம் ஏமாறாது.

எந்த செட் போடலாம் என்று கேட்கிறவர்களிடம் முதலில் ஆளைத்தான் பார்ப்பேன். வண்டியை மழையில் விட்டுவிட்டு மறந்துபோகிற ஆள், எண்ணெய்ப் புட்டி எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாத ஆள் என்றால், மூடி சீல் வைத்து வருகிற செட்டைப் போட்டு அனுப்பிவிடுவேன். அதைத் திறக்கவும் முடியாது, சரிசெய்யவும் முடியாது. தேயும் வரை ஓடும், தேய்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். கொஞ்சம் அக்கறையான ஆள் என்றால் திறந்த செட். வருடத்துக்கு ஒரு தடவை பிரித்து, துடைத்து, புது கிரீஸ் வைத்து மாட்டினால் போதும். குண்டுகளிலும் இரண்டு விதம். கூண்டில் கோத்து வருவது ஒன்று. மாட்டுவது சுலபம், ஆனால் அவசரத்தில் கூண்டைத் தலைகீழாக மாட்டிவிடுகிற புண்ணியவான்கள் உண்டு. எனக்குப் பிடித்தது உதிரிக் குண்டு. பக்கத்துக்குப் பதினொன்றாகக் கிரீஸில் பதித்து வைக்கப் பொறுமை வேண்டும். பாரம் எல்லாக் குண்டுகளிலும் பரவலாக உட்காரும்.

என் மாமனார் பேருந்து ஓட்டியவர். வேலையில் இருந்த காலம் முழுக்க அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். புதிதாக ஒரு சத்தம் கேட்டால் வண்டியை நிறுத்து. என்ன சத்தம் என்று தெரியாமல் ஒரு அடி நகரக் கூடாது. ஒரு தடவை நிறைந்த பேருந்தை நடுப் பாலத்தில் நிறுத்தி, எல்லோரையும் இறங்கச் சொல்லி, அடியில் படுத்துத் தேடியிருக்கிறார். கடைசியில் பார்த்தால், பின் இருக்கையில் ஒருத்தர் தூங்கிக்கொண்டே குடையைக் கம்பியில் தட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பயணிகள் திட்டித் தீர்த்தார்களாம். "திட்டட்டும். ஆத்துல விழுந்தா திட்டறதுக்கு ஆளே இருக்க மாட்டாங்க" என்று இன்றைக்கும் சொல்வார். அந்தக் குடையைக் கண்டுபிடித்தவர் அதே வண்டியில் டிக்கெட் கொடுத்தவர். அவரை வீட்டில் எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுகிறோம். இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகும் ஜோடி பிரியவில்லை. மதியம் சாய்ந்ததும் கண்டக்டர் சைக்கிளில் வந்து வாசலில் நின்று மணியை இரண்டு தடவை அடிப்பார். பேருந்தில் அதற்குப் 'போகலாம்' என்று அர்த்தம். மாமாவும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார். கால்வாய்க் கரையில் பெஞ்சில் உட்கார்ந்து, பாலத்தின் மேல் போகிற பேருந்துகளின் டிரைவர்களுக்கு மார்க் போடுவதுதான் இருவருக்கும் உத்தியோகம்.

போன வருடம் மாமாவின் வலது முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. தேய்ந்துபோன மூட்டை எடுத்துவிட்டு, உலோகமும் ஒரு வகைப் பிளாஸ்டிக்கும் சேர்ந்த புது மூட்டு வைத்தார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்தபோது எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. யாரோ என் தொழிலைக் காப்பியடித்த மாதிரி தெரிந்தது. புண் ஆறியது, வலி குறைந்தது, கைத்தடி மூலைக்குப் போனது. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது அந்த முட்டி டக் என்றது.

மாமா அங்கேயே நின்றுவிட்டார். துணிக்கூடையோடு பின்னால் ஏறிக்கொண்டிருந்த அத்தை அவர் முதுகில் மோதினார்.

"ஏன் நடுவுல நின்னுட்டீங்க?"

"சத்தம்."

"எங்க?"

"உள்ள."

மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் மறுபடி படம் எடுத்துப் பார்த்தார், காலை மடக்கிப் பார்த்தார், எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்றார். புது மூட்டில் உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்ளும்போது பலருக்குச் சத்தம் வரும், வலியோ வீக்கமோ இல்லாதவரை கவலையே வேண்டாம் என்று பொறுமையாக விளக்கினார். மாமா மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். வாசல் தாண்டியதும், "செஞ்சவரே செஞ்சது சரியில்லன்னு சொல்வாரா?" என்றார்.

அன்றிலிருந்து ஜன்னலோர நாற்காலிதான் கதி. அவசியத்துக்கு மட்டும் எழுந்திருப்பார், அதுவும் வலது காலைக் கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு. கண்டக்டர் வந்து இரண்டு மணி அடிப்பார். மாமா ஜன்னல் வழியாகக் கையை மட்டும் அசைப்பார். கண்டக்டர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வண்டியில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போவார்.

முட்டிக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். "இப்படியே நீட்டி வெச்சுட்டு இருந்தா மூட்டு இறுகிடும், அக்கா. இறுகிட்டா அப்புறம் யார் நெனச்சாலும் பழையபடி மடங்காது. இப்பத்தான் நேரம். சைக்கிள் ஓட்டினாலே போதும்." நான் கெஞ்சினேன், என் வீட்டுக்காரர் கோபப்பட்டார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அத்தைதான் ஒரு மதியம் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய் நாற்காலியைச் சுற்றி அளக்க ஆரம்பித்தார்.

"என்ன பண்ற?"

"நாற்காலிக்கு உறை தைக்கணும். உங்களையும் சேர்த்தே அளந்துட்டா ஒரே உறையா தைச்சுடலாம்."

மாமா எழுந்தார். சைக்கிளை எடுத்தார். கண்டக்டர் கூடவே போனார், பின்னால் திரும்பி எங்களுக்குக் கண்ணைக் காட்டிக்கொண்டே.

திரும்பி வந்தபோது மாமாவின் முகத்தில் பல நாளாகக் காணாத வெளிச்சம். வண்டியைத் தள்ளிக்கொண்டு நேராகக் கடைக்குள் வந்தார். "சத்தம் முட்டில இல்லம்மா. வண்டில. மிதிக்க மிதிக்க டக்கு டக்குங்குது. கண்டக்டருக்கும் கேட்டுச்சு. நான் வேற அனாவசியமா டாக்டர சந்தேகப்பட்டுட்டேன்." படியில் கேட்ட சத்தத்துக்கு அங்கே எந்த சைக்கிளும் இல்லையே என்று நான் நினைவுபடுத்தவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருக்கிற மனிதரிடம் யார் அதைச் சொல்வார்கள்?

கிராங்கைப் பிடித்து ஆட்டினேன். உண்மையாகவே ஆடியது. ஸ்டாண்டில் மாட்டிப் பிரித்தேன். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். கிரீஸ் காய்ந்து தார் மாதிரி ஆகியிருந்தது. அச்சைத் துடைத்து, பால்பாயிண்ட் பேனா முனையைக் குண்டு ஓடும் தடத்தில் ஓட்டினேன். முனை இரண்டு இடத்தில் விழுந்து எழுந்தது. குழி விழுந்த அச்சில் எவ்வளவு கிரீஸ் அப்பினாலும் பயனில்லை. கப்புகளும் அதே கதிதான்.

வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சீல் வெச்ச செட்டப் போட்டு விட்டுடேன். அப்பா பாட்டுக்கு ஓட்டிட்டு இருப்பாரு" என்றார்.

"வீட்டு வண்டிக்கா? நான் உயிரோட இருக்கறப்பவா?" என்றேன். அவர் கையைத் தூக்கிச் சரணடைந்துவிட்டு உள்ளே போனார்.

புது அச்சு, புதுக் கப்புகள், புதுக் குண்டுகள். வலது பக்கக் கப்பின் மரை எதிர்த் திசையில் திரும்பும். அது தெரியாமல் பலத்தைக் காட்டி மரையைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் என் பிழைப்புக்கு உதவுகிறார்கள். அதை முதலில் இறுக்கி உட்காரவைத்தேன். இடது கப்புதான் சூட்சுமம். இறுக்கிக்கொண்டே போய், அச்சு லேசாகத் திணறும்போது நிறுத்தி, ஒரு மயிரிழை தளர்த்திவிட வேண்டும். பிறகு அது அசையாமலிருக்க வெளியே ஒரு வளையத்தை இறுக்க வேண்டும். வளையத்தை இறுக்கும்போது கப்பும் கூடச் சேர்ந்து திரும்பி, பிடித்த அளவைக் கெடுத்துவிடும். அதையும் கணக்குப் பண்ணித்தான் வைக்க வேண்டும். கடைசியில் கிராங்கைச் சுற்றிவிட்டேன். சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, எந்த ஓசையும் இல்லாமல் நின்றது. எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் அதிகம் இல்லை.

மறுநாள் மாமா கிளம்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார், வண்டியைத் தள்ளிக்கொண்டு. கண்டக்டரும் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார்.

"சத்தம் போகலம்மா" என்றார் மாமா. முகம் விழுந்துபோயிருந்தது.

நான் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். ஒரு முணுமுணுப்புகூட இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கையால் பார்க்காமல் எதையும் முடிவு செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. வண்டியின் பின் ஸ்டாண்டைப் போட்டுச் சக்கரம் தரையில் படாமல் நிறுத்தினேன். "ஏறி உட்காருங்க மாமா. அப்படியே மெதுவா மிதிங்க. கால் நேரா இறங்குதான்னு பார்க்கணும்."

அவர் ஏறி உட்கார்ந்து, எதிரே சுவரைத் தெருவாக நினைத்துப் பார்த்துக்கொண்டு மிதித்தார். நான் கீழே குந்தி, இடது உள்ளங்கையை பி.பி. குழாயின் மேல் வைத்தேன். உள்ளே குண்டுகள் வழுக்கிக்கொண்டு ஓடின. வலது உள்ளங்கையை அவர் முட்டியின் மேல் வைத்தேன். வைத்த கையைக் கால் மேலும் கீழுமாகக் கொண்டுபோனது. மாமனார் முட்டியை பேரிங் மாதிரி சோதித்த மருமகள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வலது கால் கீழே இறங்கும்போது கைக்குள் டக் என்றது. சின்னதாக, சுத்தமாக, ஒரே இடத்தில். சூடு இல்லை, வீக்கம் இல்லை, உரசல் இல்லை. மறுபடி இறங்கியது. மறுபடி டக். மருத்துவர் சொன்னது அத்தனையும் சரி என்று என் கைக்குத் தெரிந்தது.

மாமா மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னைக் குனிந்து பார்த்தார். "பேரிங்தானேம்மா?"

அந்தக் குரலை எப்படிச் சொல்வது? பாலத்தில் பேருந்தை நிறுத்திய மனிதரின் குரல் இல்லை அது. ஆமாம் என்று சொல்லிவிடு என்று கேட்கிற குரல். இல்லை என்றால் நாற்காலிக்குப் போய்விடுவார். நாற்காலிக்குப் போனால் அந்தக் கால் திரும்பி மடங்காது.

"பேரிங்தான் மாமா" என்றேன்.

பேரிங் விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அது. ஒன்று சொன்ன பிறகு அடுத்தது தானாக வந்தது. "புதுசு இல்லையா, இன்னும் பழக்கத்துக்கு வரல. புது இன்ஜின் மாதிரிதான். ஓட்ட ஓட்டத்தான் குண்டெல்லாம் படியும். தெனமும் ஓட்டணும், நடுவுல விடக் கூடாது."

இன்ஜின் என்றதும் அவர் தலை தானாக ஆடியது. புது வண்டியைப் பதமாக ஓட்டிப் பழக்குவது அவருக்குத் தெரியாத விஷயமா? "அப்ப சரி" என்றார். "பழக்கிடலாம்."

பயிற்சிப் பெண்ணுக்குப் போன் போட்டு, கையில் பட்டதை அப்படியே சொன்னேன். வலி இல்லையே, அப்படியென்றால் நிறுத்தாமல் ஓட்டச் சொல்லுங்கள் என்றாள். மனசு கொஞ்சம் தேறியது. ஆனால் இன்னொரு சிக்கல் இருந்தது. வண்டி இவ்வளவு அமைதியாக இருந்தால், முட்டி மட்டும் தனியாகக் கேட்கும். இரண்டு நாளில் அவருக்கு உண்மை தெரிந்துவிடும். நான் சொன்ன பொய் நிற்க வேண்டும் என்றால் பேரிங் சத்தம் போட்டாக வேண்டும்.

சத்தத்தை நிறுத்தத்தான் எனக்குத் தெரியும். வரவழைத்துப் பழக்கமில்லை. வளையத்தைத் தளர்த்தி, இடது கப்பைக் கொஞ்சம் திருப்பினேன். சத்தமே வரவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். செயின் சாய்ந்து உரசியது, அது வேறு சத்தம். மாமா கேட்டால் அதற்கு வேறு வைத்தியம் கேட்பார். திரும்ப இறுக்கினேன், திரும்பத் தளர்த்தினேன். காலைப்பொழுது முழுக்க, ஒரு நல்ல வண்டியைக் கெடுப்பதற்கு, நல்லதாக்குவதற்குப் பட்டதைவிட அதிகப் பாடுபட்டேன். கடைசியில் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் நாசூக்காக டொக் என்றது. மூடிய செட்டைப் போட்டிருந்தால் இந்த அயோக்கியத்தனத்தைச் செய்திருக்கவே முடியாது.

அதன் பிறகு மாமா தினமும் போனார். சும்மா இல்லை, கடமையாகப் போனார். மழை தூறினால்கூட, "பேரிங் படியணும்" என்று கிளம்பிவிடுவார். முதலில் கால்வாய் வரைக்கும், பிறகு பாலம் தாண்டி, பிறகு எங்கே போகிறார்கள் என்று அத்தைக்கே தெரியாத தூரத்துக்கு. பயிற்சிப் பெண் வாரா வாரம் வந்து காலை மடக்கி அளந்துவிட்டு, சந்தோஷம் தாங்காமல் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

எனக்குத்தான் நரகம். தெருமுனையில் திரும்பும்போதே டொக், டொக் என்று கேட்க ஆரம்பித்துவிடும். என் கையே செய்த குற்றம், ஊரைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வருகிறது. ஒரு வாடிக்கையாளர், நான் ஒரு காலத்தில் தெருவில் நிறுத்தித் திட்டிய ஆள், மாமா உள்ளே போகும் வரை காத்திருந்து, "உங்க வீட்டு வண்டியா அது?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "ஆமா" என்று சொல்லி, அவர் வண்டிக்குத் தேவைக்கு மேல் காற்றை ஏற்றினேன். லூஸாக விட்டால் குண்டுகள் கப்பை அரித்துவிடும். அதனால் மாமா தூங்கும் நேரம் பார்த்துப் பிரித்து, துடைத்து, புதுக் குண்டு வைத்து, மறுபடியும் கவனமாகத் தளர்த்தி மூடுவேன். என் வீட்டுக்காரர் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தார்.

"நீ தூக்கத்துல 'டைட் பண்ணணும், டைட் பண்ணணும்'னு உளர்ற, தெரியுமா?"

"உங்க அப்பாவுக்காகத்தான் உளர்றேன்" என்றேன்.

கண்டக்டர் ஒரு நாள் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர், குரலைத் தாழ்த்தி, "டிரைவர்கிட்டேருந்து ரெண்டு விதமா சத்தம் வருதேம்மா" என்றார். நான் முறைத்தேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு, "நான் டிக்கெட் கிழிச்ச ஆளு. எனக்கு என்ன தெரியும்" என்று நழுவினார்.

அப்படியே போய்க்கொண்டிருந்தது. எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எந்த பேரிங்கும் இத்தனை நாள் பழக்கத்துக்கு வராமல் இருக்காது. இறுக்கினால் மறுபடி நாற்காலியா என்று பயம். இறுக்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயம்.

போன வாரம் ஒரு மதியம், கண்டக்டர் வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், மாமா வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் வந்தார். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் என் குட்டை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுவரைப் பிடிக்கவில்லை, எதையும் பிடிக்கவில்லை. வலது முட்டி சாதாரணமாக மடங்கியது. மடங்கும்போது டக் என்றது. எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

"இன்னிக்கு அந்தக் கப்ப டைட் பண்ணிடும்மா" என்றார்.

"இன்னும் படியல மாமா. இன்னும் கொஞ்ச நாள்..."

"நீ லூஸா வெச்சா அது எப்படிப் படியும்?"

நான் கையிலிருந்த ஸ்பேனரைப் பெஞ்சின் மேல் வைத்தேன். "எப்ப தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"நீ முட்டில கை வெச்சப்பவே. கீழ ஒரு கை, முட்டில ஒரு கை. கால் நேரா இறங்குதான்னு பார்க்க யாரும்மா கண்ண மூடிக்குவாங்க?"

நான் கண்ணை மூடினேனா? எனக்கு ஞாபகமில்லை. சோதிக்கும்போது மூடிக்கொள்வேன் என்று அத்தை கிண்டல் பண்ணுவதுண்டு.

"அப்ப தெரிஞ்சேவா இத்தன நாளா ஓட்டினீங்க? சத்தம் கேட்டா ஒரு அடி நகர மாட்டீங்களே."

மாமா தன் முட்டியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "நீ கை வெச்சுப் பார்த்த. அது எங்கேருந்து வருதுன்னு உனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சப்புறமும் 'தெனமும் ஓட்டுங்க மாமா'ன்னு என்னை அனுப்பின. வழியில உடையற வண்டிய நீ யாருக்கும் குடுத்து நான் பார்த்ததில்ல. எனக்கு மட்டும் குடுப்பியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்க முயற்சி பண்ணவில்லை, கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்க்காத மாதிரி ஸ்டாண்டில் தொங்கிய செயினைப் பார்த்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மாமா. நான் இந்தப் பாடு பட்டிருக்க மாட்டேனே."

"சொன்னா நீ டைட் பண்ணிடுவ. அப்புறம் அது தனியாக் கேக்கும். தனியாக் கேக்கற தைரியம் எனக்கு அப்ப இல்ல." பிறகு, "சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் லூஸ் பண்ணியிருந்த. கொஞ்ச நாள் எது எதுன்னு எனக்கே கொழம்பிடுச்சு" என்றார்.

வண்டியை மாட்டினேன். இடது கப்பை எடுத்து, குண்டுகளைத் துடைத்து, தடத்தில் பேனா முனையை ஓட்டிப் பார்த்தேன். குழி விழவில்லை. நான் தூக்கம் கெட்டது வீண்போகவில்லை. புது கிரீஸ் வைத்து மூடி, அச்சு திணறும் இடம் வரை இறுக்கி, மயிரிழை திருப்பினேன். வளையத்தை இறுக்கும்போது கப்பு கூடத் திரும்பாமல் இருக்க, மாமா ஸ்பேனரால் அதைப் பிடித்துக்கொண்டார். முக்காலியிலிருந்து எழாமலே, முட்டியை மடக்கி, முன்னால் குனிந்து பிடித்தார். கிராங்கைச் சுற்றிவிட்டேன். அது சுற்றியது. அது நிற்கும் வரை நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வாசலில் கண்டக்டர் வந்து நின்றிருந்தார். என் முகத்திலிருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா வண்டியை இறக்கித் தெருவுக்குக் கொண்டுபோனார். காலைப் போட்டு ஏறினார்.

"வண்டில சத்தம் இல்ல மாமா" என்றேன்.

"ம். வண்டில இல்ல" என்று சொல்லிவிட்டு மிதித்தார்.

நான் தெருவில் நின்று பார்த்தேன். இடது கால் இறங்கியபோது ஒன்றும் கேட்கவில்லை. வலது கால் இறங்கியபோது டக் என்றது. நல்ல தெளிவாக, தெருவில் போகிற யாருக்கும் கேட்கிற மாதிரி. அவர் தலை ஒரு கணம் முட்டியின் பக்கம் குனிந்தது. பிறகு நிமிர்ந்தது. கண்டக்டரிடம் ஏதோ சொன்னார், கண்டக்டர் சிரித்தார். முனை திரும்பும் வரை மாமா மிதித்துக்கொண்டே போனார்.